வகுளாபரணர் சூடிய மகிழ்

நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்பது ஒரு திருநாமம். திருவாய்மொழி நாலாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில், நிகமனப் பாசுரத்திலே, மகிழ்மாலை விளங்கும் மார்பினராக ஆழ்வார் தம்மை அருளிச்செய்தார். அவர் திருக்குருகூரில் எழுந்தருளியிருந்தது புளிய மரத்தடியில். அது அவரைக் குடும்பத்தது. மாலையாகச் சாத்திய மகிழோ வேறு குடும்பம். இரண்டையும் ஒன்றாக மயங்கலாகாது.

மகிழுக்கு வடமொழியில் வகுளம் என்று பெயர். தமிழில் இலஞ்சி என்றும் வழங்கும். மலபாரின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் முதல் தொகுதி 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இம்மரம் இலஞ்சி என்னும் நாட்டு வழக்கையொட்டி ‘எலெங்கி’ எனப் படத்துடன் இடம்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ‘மிமுசோப்ஸ் எலெங்கி’ என்று பெயரிட்டார். முதற்சொல் கிரேக்கம், இரண்டாவது நம் நாட்டுச் சொல்.

பசுமை மாறாத இம்மரம் இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த சப்போட்டேசி குடும்பத்தது. புல்லிதழ்கள் நான்கு நான்காக இரு வட்டம். வளமான மகரந்தத் தாள்கள் எட்டு. பூ உதிர்ந்து உலர்ந்த பின்னும் மணம் நீங்காது.

ஆகவே, வகுளம் எம்மரம் என்னும் ஐயத்துக்கு இடமில்லை. ஆழ்வார் சூடிய மகிழும் உலகத் தாவரநூலார் கூறும் எலெங்கியும் ஒன்றே.