லூப் ஸ்லைசிங்

லூப் ஸ்லைசிங் என்பது பதிவுசெய்த தாளத் துணுக்கு ஒன்றை அடி அடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனி ஒலியாக வாசிக்கும் முறை. இதற்கென்றே செருகுநிரல்கள் உண்டு. எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளின் ஸ்லைசெக்ஸ் அவற்றில் ஒன்று.

ஒலியலையின் வீச்சு சட்டென்று எழும் இடங்களை, அதாவது டிரம்மில் குச்சி விழும் கணங்களை, செருகுநிரல் தேடி அடையாளமிடுகிறது. எவ்வளவு மெல்லிய அடிவரை கணக்கில் கொள்வது என்பது பயனர் கையில். வெட்டு பிந்தினால் அடியின் கூர்மை போய்விடும். முந்தினால் முந்தைய ஒலியின் வால் ஒட்டிக்கொண்டு வரும். எனவே தானாக விழுந்த வெட்டுகளை ஒருமுறை காதால் கேட்டுத் திருத்துவது அவசியம்.

துண்டுகள் வரிசையாகக் கீபோர்டு கட்டைகளில் அமர்கின்றன. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நான்கடி கொண்ட ஒரு சுற்று 2 வினாடி. எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 0.25 வினாடி. வேகத்தை 100 ஆக்கினால் துண்டுகள் 0.3 வினாடிக்கு ஒன்றாக ஒலிக்கும். டேப்பை மெதுவாக ஓட்டும்போது சுருதி இறங்குவதுபோல இங்கே இறங்காது. ஆனால் ஒவ்வொரு துண்டின் பின்னும் 0.05 வினாடி வெற்றிடம் விழும். அடியின் வாலை நீட்டி அதை நிரப்புவார்கள். துண்டுகளை இடம் மாற்றலாம், தலைகீழாக ஒலிக்கவிடலாம், ஒன்றின் சுருதியை மட்டும் ஏற்றலாம். பழைய லூப்பிலிருந்து புதுத் தாளம் பிறப்பது இங்கேதான்.

இம்முறையைப் பரவலாக்கியது, ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ப்ரொபெல்லர்ஹெட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட ரீசைக்கிள் என்ற தனி மென்பொருள். அதற்கு முன்பே சாம்ப்ளர் கருவிகளில் கையால் வெட்டி, பிரிட்டனின் ஜங்கிள் இசைக்கலைஞர்கள் இதில் தேர்ந்திருந்தனர். அவர்கள் அதிகம் வெட்டியது, தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு ‘ஆமென், பிரதர்’ இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் 7 வினாடி டிரம் பகுதி. எண்ணற்ற பாடல்களுக்குத் தாளமாக அமைந்த அந்த வாசிப்புக்கு உரிமத்தொகை எதுவும் பெறாமலே அவர் 2006இல் இறந்தார். இது பெரிய அநீதி. இந்த உத்தியின் வரலாற்றில் மென்பொருளுக்கு முன் வைக்க வேண்டிய பெயர் அவருடையது.

வயலின், குரல் போன்று இழையும் ஒலிகளுக்கு ஸ்லைசிங் அவ்வளவாகப் பொருந்தாது. வெட்டுவதற்கான தெளிவான தொடக்கங்கள் அவற்றில் குறைவு. அங்கே ஒலியை நுண்துகள்களாக்கி நீட்டும் முறைகளே பயன்படுகின்றன.