குறுக்கெழுத்துப் புதிர்: விடை காணத் துணைகள்

குறுக்கெழுத்துப் புதிர்த் துணைகள் என்பவை, நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரில் விடை தெரியாமல் நிற்பவர் நாடும் வழிகளும் கருவிகளும் ஆகும். கட்டத்தில் ஏற்கெனவே விழுந்த எழுத்துகள், குறிப்பின் சொல்லமைப்பு, அகராதி, சொற்களஞ்சியம், கணினித் தேடல், உடன் அமர்ந்து யோசிக்கும் நண்பர், மறுநாள் வெளியாகும் விடை ஆகிய அனைத்தும் இவற்றில் அடங்கும். இவற்றுள் சில வழியைக் காட்டுகின்றன, சில விடையையே கையில் தருகின்றன. வழிகாட்டும் துணையை முதலிலும் விடைதரும் துணையைக் கடைசியிலும் நாடுவதே புதிரின் பயனைக் காக்கும் முறை.

தோற்றமும் தேவையும்

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவப் புதிர் ஒன்றை வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்துப் புதிர் அதிலிருந்தே வளர்ந்தது. 1924இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தார் முதல் புதிர்த் தொகுப்பு நூலை ஒரு பென்சிலுடன் சேர்த்து விற்றனர்.

புதிர் பரவியதும் துணை தேடும் பழக்கமும் பரவியது. பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில் நிறுவனம் பயணிகளுக்காகத் தன் ரயில்களில் அகராதிகளை வைத்தது. நியூயார்க் பொது நூலகத்தில் புதிர் விடுவிப்போர் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மொய்த்ததால், படிக்க வந்த மற்றவர்களுக்கு அவை கிடைக்காமல் போயின. பிரிட்டனில் ‘டெய்லி டெலிகிராஃப்’ 1925இலும், ‘தி டைம்ஸ்’ 1930 பிப்ரவரி 1 அன்றும் புதிர் வெளியிடத் தொடங்கின. தயங்கி நின்ற ‘நியூயார்க் டைம்ஸ்’ 1942இல் ஞாயிறு புதிரையும் 1950இல் அன்றாடப் புதிரையும் தொடங்கியது.

கட்டம் தரும் துணை

முதல் துணை கட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சொல்லின் எழுத்து, அதைக் குறுக்கிடும் சொல்லுக்கும் எழுத்தாகிறது. அமெரிக்க நாளிதழ்களின் 15×15 கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் இரு சொற்களுக்குப் பொதுவானது. எனவே கேள்விப்பட்டிராத ஒரு பெயரைக்கூடக் குறுக்கே வரும் சொற்களைக் கொண்டே நிரப்பிவிடலாம். பிரிட்டிஷ் பாணிக் கட்டத்தில் ஏறத்தாழப் பாதி எழுத்துகளே பொதுவாக அமையும். அங்கே மீதிப் பாதிக்குக் குறிப்பைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே தேர்ந்தவர்கள் வரிசைப்படி போவதில்லை. கோடிட்ட இடம் நிரப்பும் குறிப்புகளையும் உறுதியாகத் தெரிந்த பெயர்களையும் முதலில் எழுதி, அவை தந்த எழுத்துகளிலிருந்து கிளை பிரிகிறார்கள். குறிப்பின் இலக்கணமும் உதவும். குறிப்பு பன்மையில் இருந்தால் விடை பன்மை; குறிப்பு இறந்தகாலம் என்றால் விடையும் இறந்தகாலம். ஒரு மூலை அசையவே மறுத்தால், அங்கே எழுதிய விடைகளில் ஒன்று பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை அழித்துப் பார்ப்பது புது விடை தேடுவதைவிட விரைவில் பலன் தரும்.

நாளும் கணக்கில் சேரும். ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிர் திங்களன்று எளிதாகத் தொடங்கிச் சனிக்கிழமை கடினத்தின் உச்சத்தை அடைகிறது. புதிதாக வருபவர் திங்கட்கிழமையில் தொடங்குவது நல்லது.

மறைபொருள் குறிப்பைப் பிரித்தல்

பிரிட்டனிலும், சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழிலும் பெயர்பெற்றது மறைபொருள் வகைப் புதிர். இதன் குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். எஞ்சிய பகுதி எழுத்துகளைச் சேர்க்கும் வழியைச் சொல்லும். புதிரமைப்பவர் வாசகரைத் திசைதிருப்பலாம், ஆனால் குறிப்பின் சொற்கள் விடையை நேர்மையாகச் சுட்டியாக வேண்டும் என்ற நெறியை ‘அஃப்ரிட்’ என்ற புனைபெயரில் எழுதிய ரிச்சி 1949இல் வகுத்தார். ‘ஸிமனீஸ்’ என்ற மெக்நட் 1966இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக நிலைநாட்டினார். இந்த நேர்மைதான் விடுவிப்பவருக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

முக்கிய வகைகளைத் தமிழிலேயே காட்டலாம்:

சேர்ப்பு: “இரு உறுப்புகளில் ஓடும் நீர் (4)”. கால், வாய் என்னும் உறுப்புகள் சேர்ந்தால் கால்வாய்.

ஒளிப்பு: “அலமாரியில் மறைந்திருக்கும் மழை (2)”. சொல்லுக்குள்ளேயே மாரி இருக்கிறது.

நீக்கம்: “முதலை இழந்த துயரத்தில் மீன் சிக்கும் (2)”. துயரம் என்பது கவலை. அதன் முதல் எழுத்து போனால் வலை. ‘முதலை’ என்றதும் ஆற்று விலங்கை நினைப்பவர் வழிதவறுவார்.

கலைப்பு: “குலைந்த வாகனம் ஆகாயமானது (4)”. எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வானகம்.

‘குலைந்த’, ‘கலங்கிய’, ‘உடைந்த’ போன்ற சொற்கள் கலைப்பையும், ‘திரும்பிய’ போன்றவை தலைகீழாக்கலையும், ‘தலையிழந்த’ போன்றவை நீக்கத்தையும் உணர்த்தும் சைகைகள். இந்தச் சைகைகளை அறிந்துகொள்வது நூறு விடைகளை மனப்பாடம் செய்வதைவிடப் பயன்தரும்.

அகராதிகளும் சொற்களஞ்சியங்களும்

ஆங்கிலப் புதிர் உலகில் ‘சேம்பர்ஸ்’ அகராதிக்குத் தனி இடம் உண்டு. வழக்கொழிந்த சொற்களும் ஸ்காட்லாந்து வழக்குகளும் அதில் நிறைய இடம்பெறுவதால், ‘அப்சர்வர்’ இதழில் 1972இல் தொடங்கிய ‘அஸெட்’ புதிர் போன்ற கடினப் புதிர்கள் அதையே அடிப்படையாகக் கொள்கின்றன. பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்ல 1852இல் வெளிவந்த ரோஜே சொற்களஞ்சியம் உதவுகிறது. தன் புதிர் அனுபவத்தில் சேகரித்த சொற்களை ஆன் பிராட்ஃபோர்ட் 1986இல் புதிர் விடுவிப்போருக்கென்றே அகராதியாக்கினார். அதன் திருத்திய பதிப்புகள் தொடர்ந்து வந்தன.

கணினி

தெரிந்த எழுத்துகளை இட்டு, தெரியாத இடத்தில் கேள்விக்குறி வைத்தால், பொருந்தும் சொற்களையெல்லாம் கணினி பட்டியலிடும். இணையத்தில் வரும் நாளிதழ்ப் புதிர்கள் பலவற்றில் எழுதியது சரியா என்று சோதிக்கும் பொத்தானும், விடையை வெளிக்காட்டும் பொத்தானும் தனித்தனியே உள்ளன. சோதிக்கும் பொத்தான் பிழையைக் காட்டியபின் சிந்தனையை நம்மிடமே விட்டுவிடுகிறது. ஆகவே கற்பவருக்கு அதுவே ஏற்றது.

மேத்யூ கின்ஸ்பெர்க் உருவாக்கிய ‘டாக்டர் ஃபில்’ என்ற நிரல், 1978இல் வில் ஷார்ட்ஸ் தொடங்கிய அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் 2012இல் 141ஆம் இடத்துக்குரிய மதிப்பெண் பெற்றது. பெர்க்லி ஆய்வாளர்களின் துணையுடன் 2021இல் அது மனிதப் போட்டியாளர்கள் அனைவரையும் மிஞ்சியது.

தமிழ்ப் புதிரில் இலக்கணத்தின் துணை

தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து: உயிரோ மெய்யோ உயிர்மெய்யோ ஆய்தமோ. எனவே மொத்தம் 247 எழுத்துகளில் ஒன்று அங்கே அமர வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு ஒப்பிட்டால், குறுக்கே கிடைக்கும் ஒரே தமிழ் எழுத்து விடையை மிகவும் நெருக்கிவிடும். வார இதழ்ப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் ஆகியவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடுவதால், எழுதுமுன் திசையைச் சரிபார்ப்பது அவசியம்.

மொழிமுதல், மொழியிறுதி விதிகள் இங்கே கைகொடுக்கின்றன. தனிமெய் எந்தச் சொல்லுக்கும் முதலாகாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லைத் தொடங்கா. ‘லட்டு’, ‘ராஜா’ போன்ற வந்த சொற்களே விலக்கு. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. கட்டத்தில் ‘ங்’ விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. பள்ளியில் நூற்பாவாகப் படித்தது புதிரில் கருவியாகிறது.

தமிழ் அகராதி மரபும் இதற்கு வளமான துணை. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஓரிடத்தில் தொகுத்தவை. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. இவற்றுள் தொடையகராதி எதுகை நோக்கில் அமைந்தது. இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்த நிலையில் சொல் தேடுவோருக்கு இத்தகைய வரிசை பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதை இப்போது இணையத்திலும் தேடலாம். இன்றைய வழக்குக்கு 1992இல் முதலில் வெளியான ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ ஏற்றது.

உடன் விடுவிப்போர்

ஒருவருக்குக் கிரிக்கெட் தெரியும், இன்னொருவருக்குக் கர்நாடக இசை தெரியும். ஒரே புதிரில் இருவரும் குனிந்தால் இருவரின் அறிவும் கட்டத்துக்கு வரும். இப்படி உதவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நேர்ப்பொருள் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சுட்டலாம். போதவில்லையென்றால் சைகைச் சொல்லைக் காட்டலாம். பிறகு ஓர் எழுத்து. விடை கடைசியில்தான். பரிசுப் புதிர் என்றால் இறுதி நாள் முடியும்வரை விடையை வெளியே சொல்லாதிருப்பது நெறி.

மறுநாள் விடை

அச்சு நாளிதழில் வழக்கமாக மறுநாள் விடைக்கட்டம் வெளியாகும். அதில் வெறும் எழுத்துகள்தான் இருக்கும், காரணம் இருக்காது. முந்தைய நாள் தாளை எடுத்துவைத்து, ஒவ்வொரு விடையிலிருந்தும் குறிப்புக்குத் திரும்பிப்போய், எந்தச் சொல் நேர்ப்பொருள், எது சைகை, எந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று அடிக்கோடிட்டுப் பார்ப்பவர், நேற்று நிரம்பாத கட்டத்திலிருந்தும் பாடம் பெறுகிறார். ‘வலை’ என்ற விடையைப் பார்த்துவிட்டு நகர்ந்தவருக்கு ஒரு சொல் மட்டும் கிடைத்தது. ‘முதலை’ என்பது முதல் எழுத்தை என்று புரிந்துகொண்டவர், அடுத்த முறை அதே தந்திரம் வேறு உருவில் வரும்போது துணையின்றியே விடை எழுதுவார்.