முடி உதிர்வு மருந்துகளின் வரலாறும் பக்கவிளைவுகளும்

ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஆற்காட்டை அடுத்துள்ள மேல்விஷாரம், வேலூர் - ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். தோல் பதனிடுவதில் தொடக்க வேலைகளுள் ஒன்று முடி நீக்குவது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் தோலை ஊறவைத்தால், முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகள் அறுந்து முடி கழன்றுவிடும். முடியை நீக்கும் வேதியியல் இவ்வாறு நன்கு அறியப்பட்டது. ஆனால் மனிதத் தலையில் முடி வளர்க்கும் மருந்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைத்தது. அதுவும் வேறொரு நோய்க்கான மருந்தின் பக்கவிளைவாகவே கிடைத்தது.

தாலியம்: ஒரு முன்னெச்சரிக்கை

பக்கவிளைவையே மருந்தாக்கும் வழக்கம் இதற்கு முன்பே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசநோயாளிகளின் இரவு வியர்வையைக் குறைக்கத் தாலியம் அசிடேட் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு முடி கொட்டியது. அதைக் கண்ட மருத்துவர்கள், குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரைக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். பூஞ்சை பற்றிய முடி உதிர்ந்தால் நோய் தீரும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் முடியை உதிர்க்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குழந்தைகள் பலர் இறந்தனர். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்கப்பட்ட தாலியம் கலந்த முடிநீக்கிக் களிம்பு, பெண்கள் பலரின் நரம்புகளைப் பாதித்தது.

மினாக்சிடில்

மினாக்சிடில் இரத்தக்குழாய்களை விரிவாக்கும் மருந்து. கடுமையான உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை உட்கொண்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி வளர்ந்தது. இந்தப் பக்கவிளைவே, தலையில் தடவும் 2% கரைசலாக 1988இல் ஒப்புதல் பெற்றது.

தடவும் மருந்தால் அரிப்பும் தோல் எரிச்சலும் வரலாம். முதல் சில வாரங்களில் முடி உதிர்வு கூடுவதும் உண்டு. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் பெற்ற பயன் மறைந்துவிடும். அண்மைக் காலமாகக் குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையும் முடிக்காகப் பரிந்துரைக்கப்படுகிறது. அப்போது படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல் போன்ற பழைய இரத்த அழுத்த மருந்தின் விளைவுகளையும் கவனிக்க வேண்டும்.

ஃபினாஸ்டரைடு

ஆண்களின் வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் தேவை என்பதை 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். பருவ வயதுக்கு முன் விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டொமினிக்கன் குடியரசில், டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களைப் பற்றிய ஆய்வு 1974இல் வெளியானது. அவர்களுடைய புராஸ்டேட் சுரப்பி சிறிதாக இருந்தது, வழுக்கையும் காணப்படவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு, புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாக 1992இலும், ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வழுக்கைக்கான மருந்தாய்வுகளில் பாலியல் தொடர்பான பக்கவிளைவுகள் மருந்து உண்டவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை உண்டவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் இவை தொடர்வதாக வந்த அறிக்கைகள் 2012இல் அமெரிக்க மருந்துக் குறிப்பில் சேர்க்கப்பட்டன. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்பதை 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்தது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவையும் இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். எனவே இதை உண்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சட்டம்

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலுள்ள அட்டவணை ‘ஜே’, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாத நோய்களைப் பட்டியலிடுகிறது. வழுக்கையும் அதில் இடம்பெறுகிறது. ‘முப்பதே நாளில் முடி’ என்ற விளம்பரத்தைக் காணும் மாணவர் இந்தப் பட்டியலை நினைவில் கொள்வது நல்லது.

இரத்தக்குழாயை விரிப்பதும் ஹார்மோனைக் குறைப்பதும் தலையோடு நின்றுவிடும் செயல்கள் அல்ல. முடி வளர்வதும் பக்கவிளைவும் ஒரே மருந்தின் வேலைகள்தாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கடும் காய்ச்சல் ஆகியவற்றாலும் முடி உதிரும். அவற்றுக்கு இம்மருந்துகள் தீர்வல்ல. ஆகவே நண்பர் சொன்ன மாத்திரையை வாங்குவதற்கு முன், உதிர்வின் காரணத்தைத் தோல் மருத்துவரிடம் கண்டறிவதே முதல் சிகிச்சை.