சுற்றியிருந்து பார்க்கும் இடம்

'ஆம்ஃபித்தேயாத்ரும்' என்ற இலத்தீன் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும். 'தேயாத்ரோன்' என்றால் பார்க்கும் இடம். நாடக அரங்கம் அரைவட்டமாக இருக்கும். இதுவோ களத்தை முழுவதுமாகச் சூழ்ந்து நிற்கும் நீள்வட்டக் கட்டடம். நடுவிலுள்ள களத்தை 'ஹரேனா', அதாவது மணல், என்று அழைத்தார்கள். சிந்தும் இரத்தத்தை உறிஞ்சுவதற்காக அங்கே மணல் பரப்பப்பட்டது.

இவ்வகை அரங்குகளில் மிகப் பெரியது உரோமை நகரின் கொலோசேயம். பேரரசர் வெஸ்பாசியான் தொடங்கிய இதனை, அவருடைய மகன் தீத்து கி.பி. 80ஆம் ஆண்டில் திறந்து வைத்தார். நீளம் 188 மீட்டர், அகலம் 156 மீட்டர், நுழைவாயில்கள் 80. முன்வரிசையில் ஆட்சிமன்றத்தினரும், மேல் வரிசைகளில் ஏழைகளும் அமர்ந்து, அடிமைகளும் கைதிகளும் மடிவதைக் கண்டு களித்தனர்.

கார்த்தேஜ் நகர அரங்கில் கி.பி. 203இல் புனிதர்கள் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் மறைசாட்சிகளாக இறந்தனர். பின்னர் உரோமையில் தெலெமாக்கு என்ற துறவி, வாள்வீரர்களின் சண்டையைத் தடுக்கக் களத்தில் இறங்கினார். பார்வையாளர்களே அவரைக் கல்லால் எறிந்து கொன்றனர் என்றும், அதன்பின் பேரரசர் ஹொனோரியு அச்சண்டைகளை நிறுத்தினார் என்றும் திருஅவை வரலாற்றாசிரியர் தெயோதொரேத்து எழுதியுள்ளார்.

கொலோசேயத்தில் புனித வெள்ளிச் சிலுவைப்பாதையை 1964ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் மீண்டும் தொடங்கினார்.

மடிந்தவர்களைப் பற்றி அந்தப் பழைய சொல் எதுவும் கூறவில்லை. பார்த்தவர்களை மட்டுமே நினைவூட்டுகிறது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று செல்பேசியில் படம் எடுக்கும்போது, நாமும் அந்த அரங்கைக் கட்டுகிறோம். அதனுள் இறங்கிச் செல்ல நமக்குத் துணிவு உண்டா?