என்பின் அடர்த்தியும் ஓர் எண்ணும்

‘மைனஸ் 2.7’ என்னும் எண்ணைத் தாங்கிய அறிக்கை சம்மாந்துறையில் ஒரு மூத்தம்மாவின் கைக்கு வந்தால், “எலும்பு உடைந்துபோகுமா?” என்றே வீட்டார் முதலிற் கேட்பர். விடை காண, அவ்வெண் பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

மாதவிடாய் நின்றபின் பெண்களின் என்பு நலிவதற்கு ஈஸ்ட்ரோஜென் குறைவே காரணம் என, 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் புல்லர் ஓல்பிறைட் எடுத்துரைத்தார். ஆயினும் அந்நலிவை அளக்கும் வழி அன்றில்லை. சாதாரண எக்ஸ் கதிர்ப் படமோ, தாதுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போனபின்னரே அதனைக் காட்டும். 1963 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கமரனும் சோரன்சனும், கையினூடே செலுத்திய கதிரில் எவ்வளவு தடைப்படுகிறது என்பதைக் கொண்டு என்புத் தாதுவைக் கணித்தனர். 1980களின் பிற்பகுதியில் டெக்சா கருவி வந்தது. இருவேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களால் தசையையும் கொழுப்பையும் கழித்து, முள்ளந்தண்டையும் இடுப்பையும் சில நிமிடங்களில் அது அளந்தது.

இனி அளவுக்கு ஓர் எல்லை வேண்டியதாயிற்று. 1992 இல் உரோமாபுரியிற் கூடிய நிபுணர் குழுவின் அறிக்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 1994 இல் வெளியிட்டது. இளம்பெண்களின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தாழ்ந்துள்ளது என்பதே ரி மதிப்பு. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழெனில் ஒஸ்டியோபொரோசிஸ் எனும் என்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேரை அக்கோடு உள்ளடக்கியது. அவர்தம் வாழ்நாளில் முறிவு நேரும் வாய்ப்பும் அவ்வளவே என்பது குழுவின் கணிப்பு. குழுவின் முன்னிருந்த சான்றுகளோ பெரும்பாலும் மேனாட்டு வெள்ளைப் பெண்களுடையவை.

ஆகவே அது நிபுணர் உடன்பட்டுக் கீறிய கோடு. மைனஸ் 2.4க்கும் 2.6க்கும் இடையே என்பிற் பெரும் வேற்றுமை இல்லை. ஒரு நியம விலகல் குறையுந்தோறும் முறிவு அபாயம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை மடங்காவது உண்மையே. ஆனால் கருவி கணிப்பது சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் என்பதை. கனத்தை அது அறியாது. சிற்றுடல் உடையோரின் சிறிய என்பு அதிற் சற்றுக் குறைவாகவே தோன்றும். முதுமையில் முள்ளந்தண்டின் மூட்டுகளில் வளரும் முளைகளோ, மதிப்பைப் பொய்யாக உயர்த்தும்.

இதனாலேயே 2008 இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பிரக்ஸ் கணிப்பில் வயது, முந்திய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைத்தல், ஸ்டீரொயிட் மருந்து ஆகியனவும் சேர்க்கப்பட்டன. இலங்கைக்குரிய கணிப்பும் அதில் உண்டு. கிணற்றடியின் வழுக்கலை மட்டும் எக்கணிப்பும் அறியாது. விழுதலே பல முறிவுகளுக்கு வாயில். அடுத்த முறை அதே கருவியில் அளப்பித்தல் நன்று. சிறு ஏற்றத்தாழ்வு கருவியின் பிழையாகவும் இருக்கக்கூடும்.