கான்சாகிபு: கேஸ் ஷீட்டில் நிரம்பாத ஒரு வரி



நோயாளி மயக்கமாக வந்தால், கூட வந்தவரிடம் விவரம் கேட்டு எழுதுவோம். அப்போது கேஸ் ஷீட்டில் இன்னொன்றையும் கட்டாயம் குறிக்கணும். இதைச் சொன்னவர் யார்? அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

இன்று அதே கேள்வியோடு 260 வருடப் பழைய கேஸ் ஒன்றைப் பார்க்கலாம்.

பெயர்: முகமது யூசுப் கான். மதுரைக்காரர்களுக்கு கான்சாகிபு. மருதநாயகம் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1997இல் கமல்ஹாசன் தொடங்கி, பாதியில் நின்றுபோன படத்தின் நாயகன்.

தொழில்: கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தளபதி. 1750களில் திருச்சியில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் கீழ் போரிட்டவர். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்து லாலியின் படையைத் திணறடித்தவர். பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகி.

முடிவு: ஆற்காட்டு நவாபோடும் கம்பெனியோடும் மோதல். மதுரைக் கோட்டை முற்றுகை. கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15, மதுரையில் தூக்கு.

இதெல்லாம் தெளிவா இருக்கு. அடுத்த கேள்வி: அப்பா, அம்மா யார்?

இங்கேதான் பேனா நிற்கிறது.

ராமநாதபுரம் பக்கம் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்துக்கு மாறியவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மரபு. அரச பரம்பரை என்றும் சில குறிப்புகள் சொல்கின்றன. பிறப்பிலேயே முஸ்லிம் என்பாரும் உண்டு.

சொன்னவர்கள் யார்? அவர் பிறந்த வீட்டு ஆட்கள் இல்லை. கம்பெனி ஆவணங்களில் அவர் 'முகமது இசூப்'. சிப்பாயின் வீரமும் விசுவாசமும் கம்பெனிக்குத் தேவை, அதை எழுதினார்கள். எதிர்த்து நின்றதும் 'கலகக்காரன்' என்று எழுதினார்கள். பெற்றோர் பெயர் அவர்களுக்கு எதற்கு? எஸ்.சி. ஹில் அவரைப் பற்றி முழுப் புத்தகம் வெளியிட்டது 1914இல். தூக்கிலிட்டு சரியாக 150 வருடம் கழித்து!

போர்ச்சுகீசிய வழியில் வந்தவர் என்று சொல்லப்படும் மனைவி, ஒரு சின்ன மகன். அவர்கள் கதையும் அதன்பின் மங்கிவிடுகிறது. அவருக்கு முன்னாலும் பின்னாலும் வம்சக்கொடி அறுந்து கிடக்கிறது.

அந்தக் காலி இடத்தைத்தான் இன்று ஆளாளுக்குத் தங்கள் சாதிப் பெயரால் நிரப்பப் பார்க்கிறோம். டாக்டராக என் கருத்து: தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவதும் நேர்மையான ஹிஸ்டரிதான். இஷ்டத்துக்கு நிரப்பினால் டயக்னோசிஸ் தப்பாகும்.

எழுதப்படாத அந்த வரியால் அவர் குறைந்துபோகவில்லை. மதுரை சம்மட்டிபுரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில் தர்கா இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் கான்சாபுரம் என்று ஊரே இருக்கிறது.

உங்க வீட்டிலும் 'பாட்டனார் வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தார்' என்ற பேச்சு இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்க. பெயர், ஊர், எந்தப் படை, பழைய மெடல், பென்ஷன் காகிதம், எல்லாவற்றையும் எழுதி வையுங்க. பக்கத்திலேயே, சொன்னவர் யார் என்பதையும் தேதி போட்டு எழுதுங்க.

சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.