மன்னார்க் கரையும் நிழற்படக் கலையும்

ஈழத்தின் வடமேற்குக் கரையில் அமைந்த மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று வகைச் சான்றுகளைத் துணைக்கொள்வர். மாந்தை அகழ்வுகளிற் கிடைத்த தொல்பொருள்கள் ஒரு வகை. திருக்கேதீச்சரத்தைப் போற்றும் தேவாரப் பதிகங்கள் மற்றொரு வகை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் விட்டுச்சென்ற ஆவணங்கள் பிறிதொரு வகை. ஆயின் இருபதாம் நூற்றாண்டில் இக்கரையில் வாழ்ந்த எளிய மக்கள் எவ்வாறு உடுத்தனர், எவ்வாறு மணமுடித்தனர், தம்மை உலகுக்கு எவ்வாறு காட்ட விரும்பினர் என்பவற்றை அறிய இம்மூன்றும் போதா. கலியாண வீட்டிலும் பாடசாலை மைதானத்திலும் கூத்துக் கொட்டகையிலும் எடுக்கப்பட்ட நிழற்படங்களே அவற்றைச் சொல்லவல்லவை. வரலாற்று மாணவர் இவற்றை இன்னும் சான்றாக மதிக்கத் தொடங்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் தகேர் என்பாரின் முறை வெளியிடப்பட்டதோடு உலகறியத் தொடங்கியது. 1852இல் பிரெடெரிக் ஃபீபிக் என்பவர் இலங்கைக் காட்சிகளைப் படமாக்கி, அவற்றுக்குக் கையால் வண்ணமும் தீட்டினார். 1860களிற் கொழும்பில் ஸ்கீன் நிறுவனத்தார் தொழில் நடத்தினர். ஜோசப் லோட்டன் 1870-71 அளவில் அநுராதபுரம், பொலனறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசுக்காகப் படம் பிடித்தார். பிளாட்டே நிறுவனம் 1890இல் தோன்றியது. இவர்களுடைய வாடிக்கையாளர் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் கப்பலில் வந்திறங்கிய பயணிகளுமே. அவர்கள் தம் ஊருக்கு எடுத்துச்செல்ல விரும்பியவை தேயிலை மலைகளும், பேராதனைப் பூங்காவும், பாழடைந்த தாதுகோபங்களும், “சுதேசிகளின் வகைகள்” என்ற தலைப்பில் அடுக்கப்பட்ட முகங்களுமாகும்.

அம்முகங்களுக்குப் பெயர் இல்லை. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன், இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படமாக்கிப் புகழ்பெற்றவர். இலங்கையில் அவர் எடுத்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. 1877இல் அவரிடம் விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த் யார் என்று நமக்குத் தெரியும். அதே கருவியின் முன் நின்ற உழைப்பாளிப் பெண்ணும் சிறுவனும் யாரென்று தெரியாது. பெருங்கலைஞரிடத்தும் இக்குறை இருந்ததெனின், வணிகத்துக்காகப் படம் எடுத்தோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மன்னார்க் கரைக்கு வெளியுலகின் கருவிகளை இழுத்துவந்தது முத்து. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு எதிரேயுள்ள முத்துப்பார்களை ஆராயப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்தார். ஜேம்ஸ் ஹோர்ணெல் அவருக்குத் துணையாயிருந்தார். அவர்களது அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக அரச கழகம் வெளியிட்டது. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பிலே அரசுக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. இவ்வளவு பெருஞ்செல்வத்தைக் கண்ட ஆட்சியாளர், பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாவாக இருபது ஆண்டுகளுக்கு ஒரு கும்பனிக்குக் குத்தகைக்கு விட்டனர். 1907க்குப் பின் பார்கள் வறண்டன, கும்பனியும் கலைந்தது. 1906இல் மரிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப் அக்காட்சியை 1961இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் விரித்துரைக்கின்றார். 1912இல் அமெரிக்க நாட்டின் நஷனல் ஜியோகிரபிக் ஏடு இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டது.

இவ்வகைப் படங்களிற் காண்பது என்ன? வரிசையாக நிற்கும் தோணிகள், சிப்பிக் குவியல்கள், கொட்டுக்குள் நெருங்கிய கூட்டம், இடுப்பிற் கயிறு கட்டிய குளியாளர். கீழைக்கரையாரும் தூத்துக்குடியாரும் யாழ்ப்பாணத்தாரும் அராபியரும் ஒரே கரையிற் கலந்து உழைத்தனர். எனினும் படத்தின் கீழே “குளிப்பவன்” என்ற ஒரு சொல்லே இருக்கும். சிப்பியை எண்ணியோர், அதனை எடுத்துவந்த மனிதரின் பெயரை எழுதவில்லை. மன்னாரின் முதல் நிழற்படங்கள் மன்னாரார் கேட்டு எடுத்தவை அல்ல என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

தாமே பணங்கொடுத்துத் தம் படத்தை எடுப்பிக்கும் வழக்கம் இத்தகைய கரையூர்களுக்குப் பிந்தியே வந்தது. அதற்குச் செல்வக் குறைவு மாத்திரம் காரணமன்று. பழைய ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில், பூசிய தகடு உலருமுன் படம் பிடித்துக் கழுவி முடித்தல் வேண்டும். வெப்பமிக்க நாட்டில் அது சில நிமிட வேலை. உலர்தகடு வந்தபின் அவ்விடர் நீங்கியது. ஆயினும் வேறோர் இடர் நின்றது. படலத்திலுள்ள ஜெலற்றின் வெந்நீரில் இளகும். உருத்துலக்கும் மருந்து ஏறக்குறைய 20 பாகை வெப்பத்தில் இருத்தல் நன்று. நண்பகலில் 30 பாகையைத் தாண்டும் மன்னாரிலே இரவில் வேலை செய்தல், பனிக்கட்டி இடுதல், படிகாரத்தால் படலத்தை இறுகச் செய்தல் என்பனவே வழி. நீரோ பல இடங்களில் உவர்நீர். உப்பு வெள்ளி நைத்திரேற்றைக் கெடுக்கும். கழுவியபின் தாளில் தங்கினால் ஈரத்தை ஈர்த்துப் படத்தை மங்கச் செய்யும். எனவே நன்னீர்க் கிணறு அருகில் இருப்பது, நல்ல வில்லை கருவியில் இருப்பதற்கு ஒப்பான தேவையாயிற்று. கலை வரலாறு எழுதுவோர் கிணற்றைப் பற்றி எழுதுவதில்லை.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்த் துறையும் திறக்கப்பட்டு, கொழும்பும் சென்னையும் புகைவண்டியாலும் கப்பலாலும் இணைந்தன. சரக்குடன் பழக்கவழக்கங்களும் அவ்வழியே வந்தன. அக்கரையில் நாடகக் கொட்டகைகளுக்குத் திரை தீட்டிய ஓவியர் மரபு செழித்திருந்தது. நாட்காட்டி ஓவியங்களாற் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜுவும் நாடகக் குழுவொன்றுக்குத் திரை தீட்டியவரே. மாளிகைத் தூண், படிக்கட்டு, ஏரி, நிலவு ஆகியவை தீட்டிய நாடகத் திரை, சிறிது சுருங்கி ஸ்டூடியோவின் பின்திரையாயிற்று. கடலோர ஊரில் வாழ்ந்தவன் கடலைப் பின்னணியாக விரும்பவில்லை. சுவிற்சர்லாந்து மலையை விரும்பினான். அன்றாடம் காண்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்?

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. தமிழகத்திற் “புகைப்படம்” எனப் பெரிதும் வழங்கியதை ஈழத்தவர் “நிழற்படம்” என்றும் எழுதினர். மக்னீசியப் பொடி எரிந்து புகை எழுந்தமையாற் புகைப்படம் என்ற பெயர் வந்ததென்பது பலர் கூறும் விளக்கம். எதுவாயினும், ஒளியால் ஆகும் படத்துக்கு நிழலின் பெயரையும் புகையின் பெயரையும் இட்ட மொழி நம்முடையது.

சிறுநகர ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டது திருமணமே. மணவிழாவுக்குப் படப்பிடிப்பாளரை வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் பரவுமுன், மணமக்களே ஸ்டூடியோவுக்குச் சென்றனர். கத்தோலிக்கராயின் கோவிலில் விவாகப் பூசை முடிந்து வீடு திரும்பும் வழியிலும், சைவராயிற் சடங்குகள் முடிந்த பின்னரும் செல்வர். பழைய படங்களிற் பெரும்பாலும் மணமகன் நாற்காலியில் அமர்ந்திருப்பான். மணமகள் அருகே நிற்பாள். பிற்காலத்தில் இருவரும் நிற்பர்; அல்லது அவள் அமர அவன் நிற்பான். ஒரு தலைமுறையின் மனமாற்றம் இந்நாற்காலியிற் பதிந்துள்ளது. சிரிப்பு அரிது. ஒளி பாயும் நேரம் நீண்டிருந்த காலத்தில் அசையாதிருத்தல் தேவையாயிருந்தது; தேவை நீங்கிய பின்னரும் சிரியாமை மரியாதையாக நிலைத்தது.

படலத்தின்மீது கூரிய பென்சிலால் அம்மைத் தழும்பை நீக்குதலும், கன்னத்தைச் சீராக்குதலும் படப்பிடிப்பாளரின் தனித்திறன். கறுப்பு வெள்ளைப் படத்திற் கூறைச் சேலைக்குச் சிவப்பும் நகைக்கு மஞ்சளும் தூரிகையால் ஏற்றுவதுமுண்டு. இதனைப் பொய்யென்று தள்ளும் வரலாற்றாசிரியர் பிழை செய்கின்றனர். மணமக்கள் எவ்வாறு நினைவிற் கொள்ளப்பட விரும்பினர் என்பதற்கு அத்திருத்தமே முதற்சான்று. முஸ்லிம் குடும்பங்களிற் பெண்களின் படம் பிறர் கண்ணுக்கு எட்டாமல் வீட்டினுள்ளே பேணப்பட்டது. அதனால் அவ்வீட்டின் அழிவு அப்படத்தின் அழிவாகவும் முடிந்தது.

உடற்பயிற்சிக்கும் நிழற்படத்துக்குமுள்ள உறவு திருமணத்தின் அளவுக்குப் பழையதன்று, ஆயினும் சுவையானது. 1904-05 காலத்தில் இந்தியாவிற் சுற்றுலா செய்த யூஜின் சாண்டோவின் புகழ் பரவக் காரணம் அவருடைய வலிமை மாத்திரமன்று, விற்பனையான அவருடைய படங்களுமாம். பெங்களூரின் கே. வி. ஐயர் தம் உடற்கட்டின் படங்களைக் கொண்டே அஞ்சல் வழித் தேகப்பயிற்சி கற்பித்தார். நம்மூர் ஸ்டூடியோக்களில் இது பாடசாலைக் குழுப் படமாக உருக்கொண்டது. உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு மிக்க மன்னாரில், வெற்றிக்கிண்ணத்தை நடுவில் வைத்து, இருபுறமும் கைகட்டி அமர்ந்த இளைஞரின் படம் எத்தனையோ வீடுகளிற் சுவரேறியது. நெஞ்சை நிமிர்த்திக் கைகட்டும் அந்நிலை சாண்டோவின் வழிவந்தது எனலாம்.

கலைஞர் வரிசையில் முதலிடம் கூத்தருக்குரியது. மன்னார் மாதோட்டப் பகுதியிற் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு வேரூன்றியிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இப்பகுதியின் கூத்துகளைப் பதிப்பித்தார். 1966இல் வெளிவந்த மூவிராசாக்கள் நாடகம் அவற்றுள் ஒன்று. பாடல் ஏட்டில் நின்றது. ஆட்டமும் உடுப்பும் முடியும் ஏட்டில் ஏறுவனவல்ல. அவற்றை அறிய, கூத்து முடிந்த விடியலில் அரிதாரம் கலையாமல் நின்ற கலைஞரின் படங்களே உதவும். பகலெல்லாம் வலை இழுத்தவன் அப்படத்தில் மன்னனாக நிற்கின்றான்.

இவ்வாறு விரும்பி எடுத்த படங்களுக்கு நடுவே, அரசு கேட்டு எடுத்த படங்களும் பெருகின. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஸ்டூடியோப் படியை ஒருபோதும் மிதியாத முதியோரும் இப்போது கருவியின் முன் அமர நேர்ந்தது. 1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறீமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களிற் பெருந்தொகையினர் கடவுச்சீட்டிலே குடும்பப் படத்துடன் தலைமன்னார்த் துறைக்கு வந்தனர். அவர்களை ஏற்றிவந்த வண்டியை மக்கள் “அழுகைக் கோச்சி” என்றனர். கப்பல் சேவை 1984இல் நின்றது. மலைநாட்டுப் படப்பிடிப்பாளர் எடுத்த அச்சிறு படங்கள், தலைமுறைகள் வாழ்ந்த நாட்டில் எடுத்த கடைசிக் குடும்பப் படமாகப் பலர்க்கு அமைந்தன.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் படச்சுருளும் தாளும் அருகின. ஒரு சுருளின் ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்கப்பட்டது. அத்தட்டுப்பாடு கலைக்குத் தீங்கு செய்ததாகத் தோன்றவில்லை. போர் செய்த தீங்கு வேறு. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது மன்னார் மக்கள் மடுவுக்கும், கடல் கடந்து இராமேசுவரத்துக்கும் ஓடினர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளிற் கரையேறினர். நாட்கணக்கிலும் மணிக்கணக்கிலும் வீட்டைத் துறக்க நேர்ந்தவர் காணி உறுதியையும் நகையையும் எடுப்பரேயன்றிச் சுவரிலுள்ள கண்ணாடிச் சட்டத்தை எடுப்பது அரிது.

அவ்வாறு இழந்த படத்தின் விலை பின்னரே தெரிந்தது. 2017 பெப்ரவரி 20இற் கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வடக்குக் கிழக்கெங்கும் இத்தகைய போராட்டங்களிலே தாய்மார் கைகளில் ஏந்திய படங்களை உற்றுநோக்கினால் அவற்றின் பிறப்பிடம் புலனாகும். ஒன்று அடையாள அட்டைப் படம். ஒன்று திருமணக் குழுப் படத்தில் ஒருவரை மட்டும் வெட்டிப் பெருப்பித்தது. ஒன்று உதைபந்தாட்டக் குழுவிலிருந்து பிரித்தெடுத்தது. சில ரூபாவுக்கு எடுத்த படம் ஒரு மனிதன் இருந்தான் என்பதற்கு மறுக்கவொண்ணாச் சான்றாயிற்று. படமும் அற்றவரின் நிலை சொல்லத் தரமன்று.

தமிழகத்திலே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அருகும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எண்மமாக்கியது. ஈழத்தில் 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் நூல்களோடு பிற ஆவணங்களையும் திரட்டிவருகின்றது. மன்னார் போன்ற சிறுநகரங்களின் ஸ்டூடியோப் பெட்டிகளை இத்தகைய முயற்சிகள் விரைந்து அடைதல் வேண்டும். கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுச் சட்டக் கண்ணாடியாயின; படச்சுருள்கள் வெள்ளிக்காக விற்கப்பட்டன. நெகட்டிவுடன் சேர்ந்து பேணப்படவேண்டியது படப்பிடிப்பாளரின் பதிவேடு. இலக்கம், பெயர், ஊர், நாள் என்ற வரிசையில் அமைந்த அவ்வேட்டின் ஒரு வரியில், 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்புப் படங்கள் சொல்லாத அனைத்தும் உள்ளன. அசற்றேற்றுப் படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளித்த வினாகிரி மணம் வீசும். அலுமாரியைத் திறக்கையில் அம்மணம் எழுமாயின், படலம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அதன்பின் பிரதியெடுக்கச் சில ஆண்டுகளே எஞ்சும்.